எழுத்தெண்ணும் சார்பும் கட்டத்தொகுதியும்



ஒன்றாம் ஆண்டு மாணவர்க்கு மூவெழுத்துச் சொற்பட்டியல் தொகுக்க விரிதாளை நாடுகிறோம். ‘மரம்’ என்னும் சொல்லின் நீளத்தை ‘லென்’ என்னும் சார்பிடம் கேட்டால் 4 என்கிறது. ‘தமிழ்’ என்பதற்கு 5 என்கிறது. இரண்டுமே மூவெழுத்துச் சொற்கள். யூனிகோடு முறையில் உயிர்மெய்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். கணினி அவற்றையும் எண்ணுகிறது. இலக்கணமோ ‘மி’, ‘ழ்’ ஆகியவற்றைத் தனித்தனி எழுத்தாகவே கொள்கிறது. ஆகவே, குறிகளை நீக்கி எண்ணும் சார்பை நாமே எழுத வேண்டியுள்ளது. கூகுள் விரிதாளில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அதற்கு உதவுகிறது.

இடர் அடுத்த படியில் எழுகிறது. ஒரு கட்டத்தைத் தந்தால் சார்பிடம் சேர்வது ஒரு சொல். ஏ2 முதல் ஏ41 வரை தந்தால் சேர்வது நிரைகளின் அணி. ஒவ்வொரு நிரையும் தானே ஓர் அணி. நெடுவரிசை ஒன்றே ஆயினும் இதுவே முறை. ஒரு சொல்லுக்கென எழுதிய சார்பு, நிரை ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தெனக் கொண்டு 40 என்று விடை கூறிவிடக்கூடும். பிழைச்செய்தி வாராமையால் அவ்வெண்ணை நாம் நம்பிவிடுவோம். அதுவே பெருந்தீங்கு.

எனவே, வந்தது தனிச்சொல்லா அணியா என்று சார்பு முதலில் ஆராய வேண்டும். அணியாயின் நிரைதோறும், நிரைக்குள் கட்டந்தோறும் சென்று எண்ணி, அதே வடிவில் விடைகளைத் திருப்ப வேண்டும். நாற்பது விடைகளும் உரிய இடங்களில் தாமே நிரம்பும். நாற்பது முறை அழைப்பதினும் ஒருமுறை அழைப்பது விரைவு. ஓர் அழைப்புக்கு 30 நொடியே வரம்பு என்பதையும் நினைவிற்கொள்வோம். தொகுதியின் முகவரியை மேற்கோள்குறிக்குள் இடலாகாது. இட்டால் முகவரியின் எழுத்துகளே சார்பிடம் சேரும். பின்னர்ச் சொற்களை மாற்றினாலும் விடை மாறாது.

கலைச்சொல் பற்றியும் ஒன்று கூறுவோம். இதனை ‘வீச்சு’ என்போர் உளர். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் வீச்சு என்பது பெரும மதிப்புக்கும் சிறும மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. ஒரே வகுப்பில் இருபொருள் வழங்கின் மாணவர் மயங்குவர். ஆதலின் ‘கட்டத்தொகுதி’ என்பதையே பரிந்துரைக்கிறோம். தொகுதி என்றதும், வந்தது ஒன்றன்று, பல என்பது விளங்கும். சார்பை எழுதுவோர் முதலில் உணர வேண்டியதும் அதுவே.