மலையை அறுக்குமுன் மக்கட்கு அறிவித்தல்



நார்த்தாமலை என்பது ஒரு மலையின் பெயரன்று. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையன்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மைமலை, மண்மலை, பொன்மலை என ஒன்பது குன்றுகளும், அவற்றின் அடிவாரத்து ஊர்களும் வயல்களும் குளங்களும் சேர்ந்த தொகுதிக்கு அப்பெயர். புதுக்கோட்டையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்வார் அனைவரும் இக்குன்றுகளைக் கடந்தே செல்கின்றனர். பேருந்தின் பலகணி வழியே நோக்குவார்க்கு அவை மொட்டைப் பாறைகள். கல்லுடைப்பார்க்கு அவை சல்லிக் குவியல்கள். வரலாறு அறிந்தார்க்கோ அவை திறந்து வைத்த ஏடுகள்.

மேலமலைச் சரிவில் நிற்கும் விசயாலய சோழீச்சரத்தின் வாயிற்காவலர் படிமத்தின் அடிக்கல்லில் ஒரு செய்தி வெட்டப்பட்டுள்ளது. சாத்தன் பூதியான இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்தழிய, மல்லன் விடுமனான தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினான் என்பது அச்செய்தி. கட்டியவன் பெயரும் பழுது நீக்கியவன் பெயரும், கோயிலுள் புகுவார் கண்ணில் படுமிடத்திலேயே நிற்கின்றன. அதன் எதிரே உள்ள பழியிலி ஈச்சரக் குடைவரையிலோ, நிருபதுங்க பல்லவனின் ஏழாம் ஆட்சியாண்டில் முத்தரையர் குடியினனாகிய சாத்தன் பழியிலி அதனைக் குடைவித்ததும், அவன் மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபம் முதலியன எடுப்பித்ததும் கல்லில் எழுதப்பெற்றுள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பெண்ணின் பெயரை இன்றும் அம்மலையில் தமிழிலேயே படிக்கலாம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படும். அன்று எழுத்தறிந்தார் எத்துணையர்? கல்லில் வெட்டினால் மட்டும் உழவனுக்கு விளங்கியிருக்குமோ? நல்ல கேள்வியே. எழுத்தறிந்தார் சிலரே. ஆயின், அச்சிலருள் ஒருவன் உரக்கப் படித்தால், கேட்டு நின்ற அனைவர்க்கும் பொருள் விளங்கியது. மொழி அவர்கள் மொழியாக இருந்தது என்பதே செய்தி.

செப்பேடுகளை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். வேள்விக்குடிச் செப்பேடாயினும், திருவாலங்காட்டுச் செப்பேடாயினும், ஆனைமங்கலச் செப்பேடாயினும், அரசர்தம் குலப்பெருமையைப் புனைந்துரைக்கும் பகுதி வடமொழியில் உள்ளது. நிலம் எது, அதன் கீழெல்லை மேலெல்லை எவை, நீர் எவ்வாய்க்கால் வழி வரும் என்று சொல்லவேண்டிய இடம் வந்தவுடன் மொழி தமிழாகிவிடுகின்றது! பெருமைக்கு வடமொழி போதும். நிலத்துக்குத் தமிழன்றி வேறு வழியில்லை என்பதை வடமொழிப் பற்று மிக்கிருந்த அரசவைகளும் அறிந்திருந்தன. அதனினும் சிறப்பு, அந்நில வரையறை நடந்த முறை. அரசாணை நாட்டார்க்குச் செல்லும், நாட்டார் எதிர்சென்று தொழுது வாங்குவர், பெண்யானை ஒன்றை நடத்தி எல்லையைச் சுற்றி வருவர், எல்லையெங்கும் கல்லும் கள்ளியும் நடுவர், உடன்பட்டோர் கையெழுத்திடுவர். ஒரு நிலத்தின் பயன்பாடு மாறுகின்றது என்பதை அவ்வூர்க் குழந்தையும் அறியாமலிருக்க இயலாது. யானை போகும் வழியை மறைக்க முடியுமா?

இன்றைய முறையோ வேறு.

கல், சரளை முதலிய சிறு கனிமங்களை ஒரு மாவட்டத்தில் எங்கெங்கு எடுக்கலாம் என்பதற்கு மாவட்ட ஆய்வறிக்கை ஒன்று அணியப்படுத்தப்பட வேண்டும் என நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 சனவரி 15-ஆம் நாள் அறிவித்தது. 2018 சூலை 25-இல் அது திருத்தப்பெற்றது. கற்குழி இசைவுகள் அனைத்தும் இவ்வறிக்கையின் மேல் கட்டப்படுவன. அதன் வரைவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையத்தளத்திலும் 21 நாள் வைத்து மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. 2025 மே 22-இல், உத்தரப் பிரதேச மணற்குழி வழக்கொன்றில், முறையாக முடிவு செய்யப்பட்ட, காலாவதியாகாத மாவட்ட ஆய்வறிக்கையின்றிச் சுற்றுச்சூழல் இசைவு வழங்கவியலாது என்றும், வரைவு மட்டும் போதாது என்றும் உச்ச அறமன்றம் தீர்ப்புரைத்தது. எனவே இது வெறுந்தாளன்று. ஒரு குன்று நிற்பதும் நிலம் மட்டமாவதும் இதன் பக்கங்களில் தொடங்குகின்றன.

நகர ஊரமைப்புத் திட்டத்திற்கும் இத்தகைய வாயில் உண்டு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டப்படி, வட்டாரத் திட்டமோ முழுமைத் திட்டமோ அணியமாகும்போது அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவித்து, இரண்டு திங்களுக்குக் குறையாத கால இடைவெளி தந்து, எவரிடமிருந்தும் மறுப்புகளைப் பெறவேண்டும். ‘எவரும்’ என்னும் அச்சொல்லைக் கருதிப் பாருங்கள். நிலவுடைமையாளர் மட்டுமல்லர், ஆடு மேய்ப்பவரும், குளத்துநீர் பாயும் கடைமடையாளரும், குத்தகை உழவரும் மறுப்புரைக்கலாம்.

உரிமை இருக்கின்றது. அது இருப்பதை உரியவர்க்கு யார் சொல்வது? குளத்தூர் வட்டத்து உழவர் எவரேனும் காலையில் எழுந்தவுடன் மாவட்ட இணையத்தளத்தைத் திறந்து பார்த்தபின் ஏர் பூட்டச் செல்கின்றாரா? அரசிதழ் அவர் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றதா? வந்தாலும் இணைப்புகள் எம்மொழியில் உள்ளன? சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 செப்டம்பர் 14-ஆம் நாள் அறிவிக்கை, மக்கள் கேட்புக்கு வட்டார மொழியில் ‘சுருக்கம்’ தந்தாற் போதும் என்கின்றது. வெடியின் அளவு, நிலத்தடி நீரின் ஆழம், தொல்லிடங்கட்கும் குழிக்கும் இடைப்பட்ட தொலைவு ஆகியவை அடங்கிய முழு அறிக்கை ஆங்கிலத்தில்! மலைக்கு உரியவனுக்குச் சுருக்கம். மலையை உடைப்பவனுக்கு முழுமை. இதன் பெயர் அறிவிப்பாம்!

2020-இல் அவ்வறிவிக்கையை முற்றிலும் மாற்ற வரைவு வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அவ்வரைவை வெளியிடுமாறு தில்லி உயர் அறமன்றம் 2020 சூன் 30-இல் ஆணையிட்டது. நடுவண் அரசு என் செய்தது? மொழிபெயர்த்ததா? இல்லை; ஆணையை எதிர்த்து உச்ச அறமன்றம் சென்றது. மக்கட்கு மக்கள் மொழியில் சொல்லமாட்டோம் என்பதற்காக வழக்காடிய அரசு அது. ஆட்சிமொழிச் சட்டம் இந்திக்கும் ஆங்கிலத்துக்குமே கட்டாயம் விதிக்கின்றது என்பது அவர்கள் கூறிய கரணியம். தமிழ்நாட்டிற்கோ 1956 முதலே தமிழ் ஆட்சிமொழி. சென்னையிலிருந்து வெளிப்படும் திட்டத் தாள்களின் இணைப்புகளும் ஆங்கிலத்திலேயே இருக்குமாயின், குறை தில்லியது மட்டுமன்று என்பதையும் மறைக்கலாகாது.

இனி, மேன்முறையீட்டைக் காண்போம். இதனை ஒவ்வோர் ஊரினரும் நெஞ்சில் பதிக்கவேண்டும்.

2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, சுற்றுச்சூழல் இசைவை எதிர்த்து மேன்முறையீடு செய்ய 30 நாள். போதிய கரணியம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒருநாளும் இல்லை. அந்த நாள் எண்ணிக்கை எப்போது தொடங்குகின்றது? இசைவு பெற்றவர் அதனை உள்ளூரில் வழங்கும் இரண்டு நாளிதழ்களில், ஒன்றேனும் வட்டார மொழியினதாக, 7 நாளுக்குள் விளம்பரப்படுத்த வேண்டும். ஊராட்சிக்குப் படி தரவேண்டும். ஊராட்சி அதனை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். அமைச்சகம் இணையத்தளத்தில் ஏற்றவேண்டும். இவற்றுள் எது முந்துகின்றதோ அன்றே கணக்குத் தொடங்கிவிடும். குசராத்தின் தல்லி என்னும் ஊராட்சிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவ்வூரில் சுண்ணாம்புக்கல் எடுப்பதற்கு 2017 சனவரியில் இசைவு வழங்கப்பட்டது. ஊராட்சியோ, தகவல் உரிமைச் சட்டத்தின் வழி 2017 பிப்பிரவரியிலேயே தாங்கள் அதனை அறிந்ததாகக் கூறியது. கேட்டுப் பெற்ற நாளிலிருந்து எண்ணினால் அவர்தம் முறையீடு காலத்துள் அடங்கும். இணையத்தில் ஏற்றிய நாளிலிருந்து எண்ணினால் அடங்காது. 2025-இல் உச்ச அறமன்றம் முந்திய நாளையே கொண்டது. ஊராட்சியின் வழக்கு, குழியின் நன்மை தீமை ஆராயப்படாமலேயே முடிந்தது.

இத்துணைக்கும் அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில். நார்த்தாமலைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கு நடைமுறை மொழி ஆங்கிலம். உயர் அறமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. உச்ச அறமன்றத்து நடுவர்கள் 2012-இல் அதனை ஏற்கவில்லை. எனவே, தன் குன்றுக்காக வழக்காடும் உழவர், தன் வழக்கையே தனக்கு விளங்காத மொழியில் கேட்டு நிற்கவேண்டியவராகிறார்.

அறிவிக்காமல் செய்யும் நிலத்தீர்ப்பு என்னாகும் என்பதற்குத் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேடவேண்டுவதில்லை. மதுரை மாவட்டத்து மேலூர் வட்டத்தில், தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உடைய அரிட்டாபட்டியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்சுடன் தொகுதியை, 2015.51 எக்டேர் நிலத்தை, நடுவண் அரசு ஏலம்விட்டு 2024 நவம்பர் 7-இல் ஒரு நிறுவனத்திற்கு ஒதுக்கியது. தம் ஊர் ஏலம் போனதை அவ்வூரார் செய்தி வழியே அறிந்தனர். 2022-இல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர் மரபிடமாக அறிவித்ததும் அரசே. பின்னர் ஊர்கள் திரண்டன. 2024 திசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 சனவரி 7-இல் நரசிங்கம்பட்டியினின்று மதுரை நோக்கி மக்கள் நடந்தனர். சனவரி 23-இல் ஏலம் நீக்கப்பட்டது. வெற்றிதான். ஆனால் ஏலத்துக்கு முன்னரே ஊரவையில் தமிழில் ஒருமுறை கேட்டிருந்தால், அத்துணை ஆயிரம் பேர் வேலையும் கூலியும் விட்டுத் தெருவில் நடந்திருக்க வேண்டியதில்லையே!

நார்த்தாமலைக்கும் ஒரு துயரம் உண்டு. 2021 திசம்பர் 30-ஆம் நாள், இம்மலையருகே இருந்த துமுக்கிச் சுடும் பயிற்சியிடத்திலிருந்து பாய்ந்த குண்டு, வீட்டிலிருந்த பதினொரு அகவைச் சிறுவன் ஒருவனின் தலையில் தைத்தது. 2022 சனவரி 3-இல் அப்பிள்ளை மாண்டான். மலைநிலம் எதற்குப் பயன்பட்டது, எல்லை எதுவரை என்பவை குடியிருப்பாரை நேரே தொடும் செய்திகள் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

‘முன்னோரும் கல் உடைத்தாரன்றோ?’ என்பார் சிலர். உடைத்தனர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே இப்பகுதியினின்று கல் சென்றது என்று கருதுவோர் உளர். உளியால் பிளந்தெடுத்ததற்கும், வெடிவைத்துப் பொடியாக்கிச் சாலைக்குக் கொட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. அதனைவிட, கல்லுடைப்பே கூடாது என்பதன்று இங்குள்ள வழக்கு. கல்லுடைக்கும் கூலியாளும் இவ்வூர்த் தமிழரே. அவர் வயிறும் எண்ணத்தக்கது. தொல்லிடத்தினின்று 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்னும் நடுவண் தொல்லியல் விதியும், குடியிருப்பினின்று 300 மீட்டர் என்னும் மாநிலக் கனிம விதியும் எங்கு தொடங்கி எங்கு முடிகின்றன என்பது, உடைப்பவனுக்கும் உறைபவனுக்கும் ஒரே வரைபடத்தில், ஒரே மொழியில் தெரிந்திருக்கவேண்டும் என்பதே வழக்கு. (மக்கள் நாவில் ‘குவாரி’ என்னும் சொல் ஏறிவிட்டது. கற்குழி என்றால் குழி கண்ணுக்குத் தெரிகின்றது. குவாரி என்றால் தெரிவதில்லை. அயற்சொல்லின் தீங்குகளுள் இதுவும் ஒன்று.)

2022 ஆகத்தில் தமிழ்நாட்டரசு தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி வழி அறிவிக்கச் சொன்னது. பறையறைவார்மேல் சாதி இழிவைச் சுமத்திய வழக்கம் ஒழிவது நன்றே. ஆயின் பறை நின்ற இடத்தில் ஒலிபெருக்கி வந்ததா? நிலத்திட்ட அறிவிப்பை எத்தெருவில் எவ்வண்டி கூவிச் சென்றது? மணிமேகலை காட்டும் புகாரில் விழாவொன்றை அறிவிக்க முரசை யானைமேல் ஏற்றினர். விழாவுக்கே அது, மலைக்கு என்ன வேண்டும்?

செய்யவேண்டுவன சிலவே. ஆய்வறிக்கை, முழுமைத் திட்டம், சுற்றுச்சூழல் இசைவு ஆகியவற்றின் முழுப்பாடமும் வரைபடமும் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்படவேண்டும். வைத்த நாளைப் பலகையில் எழுதி, ஊராட்சித் தலைவர் கையொப்பமிட வேண்டும். மேன்முறையீடு தொடுப்பவரும் அக்கடனிலிருந்து நீங்கியவர் அல்லர். மலையின் பெயரால் சென்னையில் ஒருவர் வழக்கிட்டால், அவ்வழக்கின் செய்தியை அம்மலையைச் சூழ்ந்த ஒவ்வோர் ஊர்க்கும் தமிழில் எழுதி அனுப்பவேண்டும். கல்லுடைக்கும் தொழிலாளர்க்கும் அனுப்பவேண்டும். தீர்ப்பால் வாழ்வோரும் தாழ்வோரும் அவர்களே.

ஊரவை கூடும் நாள்கள் ஆண்டுக்கு ஆறு: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அத்தோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச்சு 22-உம் நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டவை. நவம்பர் 1, 1956-இல் மொழிவழியாகத் தமிழ்நாட்டின் எல்லை வரையறுக்கப்பட்ட நாளுமாகும். அந்நாள் கூடும் ஊரவையில், ‘எம்மூர் குறித்த நிலத்திட்டத் தாள்களை எமக்குத் தமிழில் தருக’ என்னும் ஒரே வரியைத் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியர்க்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றை ஊராட்சி அலுவலகத்தில் காத்து வைக்கலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டா. ஒரு தாளும் எழுதுகோலும் போதும்.