ஆகார தானத்துக்கான அரிசி
(தசலட்சண பருவத்தின் உத்தம தியாக நாளன்று ஆற்றிய உரை)



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் முதலாவதைப் பற்றியே பேச வந்துள்ளேன். கடந்த மாசியில் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகளைத் தரிசித்தபின், மேற்கே சிவகிரியை அடுத்த ராயகிரிக்குச் சென்றேன். மலையடிவாரத்து ஊர். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றி நெல் விளைவிக்கும் ஓர் உழவரின் களத்தில் அரைநாள் அமர்ந்திருந்தேன். "உங்கள் பக்கம் இந்த அரிசிக்கு என்ன விலை கொடுப்பார்கள், ஐயா?" என்று அவர் கேட்டார். எனக்கு மறுமொழி எழவில்லை. சென்ற ஆண்டு அன்னதானத்துக்குச் சந்தையிலேயே மலிவான மூட்டையைத் தேடி வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

விலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2025–26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே நெல்லின் விலை மட்டுமே அரிசிக் கிலோவுக்கு 36 ரூபாயைத் தாண்டுகிறது. தவிடும் உமியும் கொஞ்சம் காசு தரும். அரைவைக் கூலியும் சாக்கும் வண்டி வாடகையும் அதை விழுங்கிவிடும். இது சாதாரண நெல்லின் கணக்கு. மாப்பிள்ளைச் சம்பாவோ 160 நாள் வரை வயலில் நிற்கும். குறுகிய கால ரகங்கள் 110 நாளில் வீடு வந்துவிடும். விளைச்சலும் குறைவு, களையும் கையால் பறிக்க வேண்டும். இயற்கை விளைபொருள் என்று சான்று பெறவும் ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், எலுமிச்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் காத்திருக்க வேண்டும். அதுவரை செலவு புதியது, விலை பழையது.

ஆதிநாதர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. அதில் உயிர்களுக்கு ஊறு நேர்வதை நம் நூல்கள் மறைக்கவில்லை. தொழில்வழி நேரும் இம்சை எனத் தனியே வகுத்து, இயன்றவரை குறைக்கச் சொல்கின்றன. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் நாம், புழுவோடு சிலந்தியையும் தட்டானையும் தவளையையும் சேர்த்துக் கொல்லும் மருந்து நம் சோற்றுக்காக எங்கே தெளிக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

இயற்கை வேளாண்மை என்ற பெயரே நமக்குப் போதுமா? போதாது என்பதையும் அங்கேதான் கற்றேன். எலும்புத்தூளும், மீன் கழிவில் வெல்லம் சேர்த்து ஊறவைக்கும் மீன் அமிலமும் அம்முறையில் அனுமதிக்கப்பட்ட இடுபொருள்களே. நான் வினவியபோது அந்த உழவர் மறைக்கவில்லை. சாணமும் பஞ்சகவ்யமும் வேப்பங்கொட்டைக் கரைசலுமே தம் வழக்கம் என்றும், ஓராண்டு மட்டும் மீன் அமிலம் தெளித்ததுண்டு என்றும் சொன்னார். வேப்பங்கொட்டைக் கரைசலும் சில பூச்சிகளைக் கொல்லத்தான் செய்யும். அதையும் சேர்த்தே சொன்னார். அந்த நேர்மைக்கே தனி விலை தரலாம் என்று எனக்குத் தோன்றியது.

"உங்களுக்காக மீன் அமிலத்தை அடியோடு விட்டுவிடுகிறேன். விளைச்சல் குறைந்தால் அந்தக் குறையை யார் தாங்குவது?" என்றார்.

அவர் கேட்டது இரக்கமன்று. ஐப்பசி விதைப்புக்கு முன் ஓர் உறுதிமொழி. குடும்பத்துக்கு ஒரு மூட்டை வீதம் இருபது குடும்பங்கள் பெயர் தந்து, பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தால் அவருக்குப் போதும். கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடுதலாகும் என்றே வைத்துக்கொண்டாலும், 25 கிலோ மூட்டைக்கு 750 ரூபாய். திருவிழாவின் மலர் அலங்காரத்துக்கு நாம் தயங்காமல் கொடுக்கும் நன்கொடையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாயிலருகே ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். முதல் பெயர் என்னுடையது. அடுத்த ஆண்டு அன்னதானக் கணக்கில் நான்கு மூட்டைக்கு அறக்கட்டளை நிர்வாகிகள் ஒப்புதல் தர இயலுமா என்பதை, இன்று பொழுது சாய்ந்து நாம் உணவை முடித்துக்கொள்ளும் முன் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.