ஒரு வால்யூம் போனதுக்கு மொத்த டிஸ்க்கையும் திருப்பாதீங்க

இன்னிக்கு கிளவுட் பக்கம் போகாம, பேங்க், டெலிகாம் மாதிரி இடங்கள்ல இன்னும் ஓடிட்டு இருக்கிற உலகத்துக்குப் போறோம். ஒரு பெரிய ஸ்டோரேஜ் அரே, அதுல இருந்து டிஸ்க் வாங்கிக்கிற சர்வர்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கிற மிரர் காப்பி. ஐ.பி.எம்-ல இதுக்கு ஃபிளாஷ்காப்பின்னு பேரு, இ.எம்.சி-ல டைம்ஃபைண்டர். பேர் எதுவா இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான்: டிஸ்க்கோட முழு நகல் ஒண்ணு, ஒரு குறிப்பிட்ட நேரத்துல நிறுத்தி வச்சது.

இப்போ ஒரு சிச்சுவேஷன். ஒரு வால்யூம் குரூப், அதுல நாலு லாஜிக்கல் வால்யூம். பில்லிங், ரிப்போர்ட், ஸ்கேன் பண்ண டாக்குமென்ட், லாக். காலைல பதினொரு மணிக்கு யாரோ ரிப்போர்ட் வால்யூமை மட்டும் காலி பண்ணிட்டாங்க. மத்த மூணும் நல்லா ஓடுது. ஸ்டோரேஜ் அட்மின் சொல்றார்: "ராத்திரி காப்பி இருக்கு சார், ரெஸ்டோர் குடுத்திடவா?"

குடுக்கக் கூடாது. ஏன்னா அரேக்கு லாஜிக்கல் வால்யூம்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது லன் மட்டும்தான், அதாவது சர்வருக்குக் குடுத்த முழு டிஸ்க். அதுக்குள்ள எந்தத் துண்டு பில்லிங், எந்தத் துண்டு ரிப்போர்ட்ங்கிற கணக்கை வச்சிருக்கிறது சர்வர்ல இருக்கிற எல்.வி.எம். நீங்க ரெஸ்டோர் குடுத்தா ரிப்போர்ட்டும் திரும்பி வரும், கூடவே பில்லிங்கும் ராத்திரி ரெண்டு மணிக்குப் போயிடும். ஒரு பிளாட்டுல குழாய் உடைஞ்சதுக்கு மொத்த அபார்ட்மென்ட்டையும் இடிச்சுக் கட்டுற மாதிரி.

இந்த நேர வித்தியாசம் எவ்வளவு வலிக்கும்னு கிட்லேப் கிட்ட கேட்கலாம். 2017 ஜனவரி 31. தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் டைரக்டரியை அழிச்சிட்டாங்க. வழக்கமான பேக்கப் வெர்ஷன் குழப்பத்துல வேலையே செய்யலை. காப்பாத்துனது, டெஸ்டிங் தேவைக்காக ஏறக்குறைய 6 மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு எல்.வி.எம் ஸ்னாப்ஷாட். அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். அவங்களுக்கு வேற வழி இல்லை. நம்ம கதைல பில்லிங் எதையும் இழக்கலையே, அதை ஏன் நாமளே இழக்க வைக்கணும்?

சரி, அப்போ என்ன பண்றது? முதல் வேலை, ரெஸ்டோர் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடியே, அடுத்த சிங்க்கை நிறுத்துங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஜாப் திரும்ப ஓடினா, காலியான ரிப்போர்ட் வால்யூம் நல்ல காப்பி மேல போய் உட்கார்ந்துடும். மீட்டிங் போட்டுப் பேசிட்டே இருக்கும்போது ஷெட்யூலர் தன் வேலையைப் பார்த்துடும். இதுல இடம் இருந்தா இன்னொண்ணும் செய்யலாம்: அந்தக் காப்பிக்கே ஒரு காப்பி எடுத்து, அதுல மட்டும் கை வைங்க. ஏன்னு சொல்றேன்.

காப்பி லன்களை வேற ஒரு சர்வருக்குக் காட்டுறதுதான் நிம்மதி. வால்யூம் குரூப் மூணு லன் மேல இருந்தா மூணுமே வேணும், மூணும் ஒரே நொடில எடுத்ததா இருக்கணும். ஒண்ணு ரெண்டு மணிக்கும் இன்னொண்ணு ரெண்டேகாலுக்கும் எடுத்ததுன்னா, ரெண்டுலயும் பரவிக் கிடக்கிற ஃபைல் சிஸ்டம் பாதி கிழிஞ்ச பேப்பர் மாதிரிதான் வரும். அரேல கன்சிஸ்டன்சி குரூப் இருக்கிறதே இதுக்குத்தான்.

வேற சர்வர் இல்ல, அதே சர்வர்லதான் காட்டணும்னா, இங்கதான் சிக்கல். நகல்ங்கிறது அச்சு அசல் நகல். டிஸ்க்கோட யு.யு.ஐ.டி, வால்யூம் குரூப் பேரு, எல்லாமே ஒண்ணு. ஒரே ஆதார் நம்பரோட ரெண்டு பேர் வந்து நின்னா எப்படி? எல்.வி.எம் டூப்ளிகேட்னு கத்தும். இதுக்கு லினக்ஸ்ல வி.ஜி.இம்போர்ட்குளோன்னு ஒரு கமாண்ட் இருக்கு. நகல்ல இருக்கிற டிஸ்க்குக்கும் குரூப்புக்கும் புது யு.யு.ஐ.டி குடுத்து, குரூப்புக்கு வேற பேரும் வைக்கும். ஏ.ஐ.எக்ஸ்-ல அதே வேலையை ரீகிரியேட்.வி.ஜி செய்யும், அது லாஜிக்கல் வால்யூம் பேருக்கும் மவுண்ட் பாயின்ட்டுக்கும் ஒரு முன்னொட்டு ஒட்டியும் குடுக்கும். ஆனா பேரை மாத்தணும்னா நகல் மேல எழுதித்தானே ஆகணும்? அதனாலதான் காப்பிக்குக் காப்பின்னு சொன்னேன்.

இப்போ பழைய குரூப்பும் நகல் குரூப்பும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும். நகல்ல ரிப்போர்ட் வால்யூமை மட்டும் ஆக்டிவேட் பண்ணுங்க. மத்த மூணையும் தொடவே வேண்டாம். எக்ஸ்.எஃப்.எஸ்-னா மவுண்ட் ஆகாம அடம் பிடிக்கும், ஏன்னா ஃபைல் சிஸ்டத்துக்குன்னு தனியா ஒரு யு.யு.ஐ.டி உண்டு, அது இன்னும் மாறலை. நோயுயுஐடி ஆப்ஷன் குடுத்தா வழிக்கு வரும். ஓடிட்டு இருந்த சிஸ்டத்துல எடுத்த நகல்ங்கிறதால, மவுண்ட் ஆகும்போது ஜர்னலை ஒருமுறை ஓட்டிச் சரி பண்ணிக்கும். கரண்ட் போய் வந்த மெஷின் மாதிரி நினைச்சுக்கோங்க.

அப்புறம் காப்பி பண்றது. ஃபைல்கள்தான் போச்சுன்னா ஆர்சிங்க் போதும், எதை எடுக்கிறோம்னு கண்ணால பார்த்து எடுக்கலாம். ஃபைல் சிஸ்டமே கெட்டுப் போச்சுன்னா, கெட்ட வால்யூமை அன்மவுண்ட் பண்ணிட்டு, டி.டி வச்சு வால்யூமுக்கு வால்யூம். அதுக்கு முன்னாடி ரெண்டோட சைஸையும் பைட் கணக்குல பாருங்க. நடுவுல யாராவது பெருசாக்கியிருக்கலாம். எது மூலம், எது இலக்குன்னு என்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிறவரை ஒருமுறை படிக்கச் சொல்லுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல.

இந்த வழி எல்லாத்துக்கும் செட் ஆகாது. டேட்டாபேஸ்தான் முக்கியமான விதிவிலக்கு. போஸ்ட்கிரெஸ்ல ஒரு டேபிள்ஸ்பேஸ் தனி வால்யூம்ல இருக்குன்னு அதை மட்டும் ராத்திரி நிலைக்குத் திருப்பினா, மீதி டேட்டாபேஸுக்கு அது அந்நியம். பார்க்கத் தனி வால்யூம், உள்ளுக்குள்ள ஒரே உடம்பு. ஆரக்கிள்ல பழைய டேட்டா ஃபைலை வச்சு, ஆர்க்கைவ் லாக் ஓட்டி இன்னிக்கு நிலைக்குக் கொண்டு வரலாம். ஆனா அதுக்கு லாக் எல்லாம் கைல இருக்கணும், நகலும் ஒழுங்கா எடுத்ததா இருக்கணும். அங்க ஸ்டோரேஜ் டீம் தனியா முடிவெடுக்கக் கூடாது, டி.பி.ஏ பக்கத்துல உட்காரணும்.

வேலை முடிஞ்சதும் நகல் குரூப்பை டீஆக்டிவேட் பண்ணி, லன்னைச் சர்வர்ல இருந்து எடுத்துடுங்க. விட்டுட்டுப் போனா ஆறு மாசம் கழிச்சு ரீபூட் பண்றவன், ஒரே யு.யு.ஐ.டி-ல ரெண்டு ஃபைல் சிஸ்டத்தைப் பார்த்து முழிப்பான். நிறுத்தி வச்ச ராத்திரி ஜாப்பை அதுக்கப்புறம் ஆன் பண்ணுங்க.

அவ்வளவுதான் இன்னிக்கு. அடுத்த எபிசோட்ல கன்சிஸ்டன்சி குரூப் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம்.