திசையும் அளவும்

பெங்களூரில் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. கணிதம் பயிலும் நம் பிள்ளைகள், வெக்டர் என்றதும் சூத்திரங்களை உருப்போடத் தொடங்குகின்றனர். நாமோ முதலில் பெயரின் பொருளை நோக்குவோம். தமிழில் அது திசையன். கன்னடத்திலும் இந்தியிலும் ஸதிச, அதாவது திசையோடு கூடியது. கிழக்கே 3 கிலோமீட்டரும் பின்பு வடக்கே 4 கிலோமீட்டரும் நடந்தவர் கடந்த தொலைவு 7 கிலோமீட்டர். இடப்பெயர்ச்சியோ, கிழக்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 53 பாகை சாய்ந்த 5 கிலோமீட்டரே. 'திசை உண்டா?' என்று கேட்டுப் பழகினால், புள்ளிப் பெருக்கத்தின் விடை வெறும் எண், குறுக்குப் பெருக்கத்தின் விடை திசையன் என்பதும் மனத்தில் நிற்கும். திசையைக் கைவிட்ட விடை தேர்விலும் குறையுடையதே. பாடமொழி எதுவாயினும், பெற்றோர்களே, இவ்வொரு கேள்வியை வீட்டில் தமிழிலேயே கேட்கலாம்.