பெயர்க் கட்டமும் தமிழர் பெயர்மரபும்



இணையத்தள வடிவமைப்பில் பண்பாட்டின் இடம் யாது என்று கேட்டால், பலர் நிறத்தையும் படத்தையும் பற்றிப் பேசுவர். நான் அவற்றினும் சிறியதொன்றை எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பப் படிவத்தின் தொடக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: முதற்பெயர், குடும்பப்பெயர்.

நம்மவருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் தந்தை பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். மலேசியாவில் அது முழுமையாகப் பின்னே வரும். இடையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்கள் 'ஏ/எல்', 'ஏ/பி' எனச் சுருங்கி நிற்கும். 'கவிதா ஏ/பி முனியாண்டி' என்பதை இலக்கண நோக்கில் பெயர் என்பதைவிட, 'முனியாண்டியின் மகள் கவிதா' என்னும் உறவுத்தொடர் என்பதே பொருந்தும். படிவத்திற்கு அந்த வேறுபாடு தெரியாது. முனியாண்டியைக் குடும்பப்பெயராகக் கொண்டு, மறுநாள் மின்னஞ்சலில் 'வணக்கம், செல்வி முனியாண்டி' என்கிறது. தகப்பனாரைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணைத் தகப்பனார் பெயராலேயே கூப்பிடுகிறது!

சாய்கோட்டால் வரும் இடர் இதனினும் பெரிது. நமக்கு அது சுருக்கக்குறி; தமிழிலும் 'த/பெ' என எழுதுகிறோம். கணினிக்கு அது பிரிப்புக்குறி. இணைய முகவரியின் பகுதிகளைப் பிரிப்பது அதுவே; விமான முன்பதிவு முறையில் குடும்பப்பெயரையும் இட்ட பெயரையும் பிரிப்பதும் அதுவே. கடப்பிதழின் அடியில் எந்திரம் படிக்கும் வரிகளிலோ ஆங்கிலப் பேரெழுத்துகள், எண்கள், ஒரு நிரப்புக்குறி ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. பெயருக்கு 39 இடங்கள்தாம். எனவே சில தளங்கள் சாய்கோட்டைச் செல்லாத குறி என்று தள்ளுகின்றன. வேறு சில, சொல்லாமலே நீக்கிவிடுகின்றன. நீக்கியபின் எஞ்சும் இரண்டு எழுத்துகளை அயலார் 'அல்' என்று படிப்பர். நம் முனியாண்டி அரபுநாட்டவர் போல 'அல் முனியாண்டி' ஆகிவிடுகிறார். சிரிக்கத்தான் தோன்றும்.

என் பழைய மாணவி ஒருத்திக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தளம் 'ஏ/பி'யை ஏற்க மறுத்தது. அவள் அதை விடுத்து நிரப்பினாள். அனுமதிக் கடிதத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மற்றொன்று, உதவிநிதிக் கோப்பில் மூன்றாவது. மூன்றும் ஒருத்தியின் பெயரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி அளித்த பிறகே பணம் வந்தது. அதற்குள் முதற்பருவத்தில் பாதி கழிந்துவிட்டது.

இது நமக்கு மட்டும் வாய்த்த தொல்லையன்று. மலாய்க்காரரின் 'பின்', 'பிந்தி'யும், சரவாக் இபான் மக்களின் 'அனாக்'கும் இதே கட்டங்களில் இடறுகின்றன. ஐஸ்லாந்து மக்களும் பெரும்பாலும் தந்தை பெயர் வழியே அறியப்படுவோர். அந்நாட்டில் அச்சாகி வந்த தொலைபேசிக் கையேடே இட்ட பெயரின் அகரவரிசையில் அமைந்திருந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தரும் அறிவுரை எளிது: முழுப்பெயரை ஒரே கட்டத்தில் கேளுங்கள், வேண்டுமானால் 'உங்களை எவ்வாறு அழைக்கலாம்?' என்று தனியே கேளுங்கள். நம் பள்ளி வருகைப் பதிவேடு இதைத்தானே நெடுங்காலமாகச் செய்து வருகிறது?

தஞ்சோங் மாலிமில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பயிலும் நீங்கள் நாளை பள்ளிக்குத் தளமோ படிவமோ அமைக்க நேரும். வெள்ளோட்டம் பார்க்கையில் 'ஜான் ஸ்மித்' என்று இட்டு நிறைவடைந்துவிடாதீர்கள். உங்கள் வகுப்பிலேயே மிக நீண்ட பெயரை, அதன் சாய்கோட்டோடு இட்டுப் பாருங்கள்.