பழைய தையற்பொறியும் அதன் துணைக் கருவிகளும்



நம் ஊர்களில் பல வீடுகளின் பரண்மீது, பாட்டியார் தைத்து வந்த தையற்பொறி ஒன்று தூசி படிந்து கிடக்கக் காணலாம். சக்கரம் சுழலவில்லை என்பதற்காக அதனைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர். அதனோடு, சிறு பெட்டியிலுள்ள வளைந்த இரும்புத் துண்டுகளும் எடைக்குப் போகின்றன. அவை துண்டுகள் அல்ல. ஒரு குடும்பத்துக்குக் கூலி ஈட்டித் தரவல்ல கருவிகள்.

அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846-ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851-ஆம் ஆண்டிலும் தம் பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதே அத்தையலின் தத்துவம். இன்றைய வீட்டுப் பொறிகளிலும் பெரும்பாலும் அதுவே இயங்குகிறது. ஆகவே, பழையது என்பதனாலேயே ஒரு பொறி பயனற்றதாகிவிடாது.

சக்கரம் ஏன் சுழலவில்லை? பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசின்போல் இறுகியிருக்கும். அப்போது வலிந்து சுழற்றலாகாது. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அசையும் பகுதிகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பாபின் இருக்கும் இடத்திலும் பற்களின் அடியிலும் அடைந்த பஞ்சை நீக்குங்கள். பின்னர்ச் சக்கரத்தை மெல்ல அசைத்து, அழுக்கைத் துடைத்து, தையற்பொறி எண்ணெயைத் துளித்துளியாக இடுங்கள். தேங்காயெண்ணெய் கூடாது, அது குளிரில் உறையும், நாளடைவில் பிசுபிசுக்கும். பொன்னிறச் சித்திரங்களின்மீது சாராயம் கலந்த திரவம் படக்கூடாது, மெருகு கரைந்துவிடும். சக்கரம் சுழன்றும் ஊசி அசையவில்லையாயின் அஞ்ச வேண்டா. பாபினில் நூல் சுற்றுவதற்காகத் தளர்த்திய நடுத் திருகை இறுக்கினால் போதும்.

இனித் துணைக் கருவிகள். ஹெம்மர் என்பதன் முனை சங்குபோல் சுருண்டிருக்கும். துணியின் ஓரத்தை அதற்குள் செலுத்தினால் அது தானே மடிந்து தைக்கப்படும். சுருளை ஓரம் சரியாக நிரப்ப வேண்டும். குறைந்தால் மடிப்புப் பிரியும், மிகுந்தால் திரளும்.

ரஃப்ளர் என்பது கொசுவம் வைப்பது. ஊசியை மேலே உயர்த்தி, வழக்கமான பாதத்தைக் கழற்றி இதனைப் பொருத்துங்கள். இதன் கவை போன்ற கை, ஊசியைப் பிடித்திருக்கும் திருகின்மீது அமர வேண்டும். ஊசித் தண்டு ஏறியிறங்க, அக்கை ஒரு தகட்டைத் தள்ளும். தகடு துணியைக் கொசுவும். பல ரஃப்ளர்களில் 1, 6, 12 என்னும் எண்கள் உண்டு. தையலுக்கு ஒரு கொசுவமா, ஆறு தையலுக்கு ஒன்றா, பன்னிரண்டு தையலுக்கு ஒன்றா என்பதையே அவை குறிக்கும். குழந்தையின் பாவாடைக்குக் கையால் கொசுவம் வைப்போர், இதனால் மிச்சமாகும் நேரத்தை நன்கு உணர்வர்.

எக்கருவியைப் பொருத்தினாலும், முதலில் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுழற்றி, ஊசி எதிலும் இடிக்கவில்லை என்று கண்ட பின்பே மிதியுங்கள்.

மாணவர்களே, விசை, நெம்புகோல், உராய்வு என்று நீங்கள் ஏட்டில் படிப்பவை யாவும் இச்சிறு பொறியில் உள்ளன. பரணிலுள்ளதை இறக்கிப் பாருங்கள். ஒன்றை எறியுமுன் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிய முயல்வதே கற்றவர்க்கு அழகு.