கையெழுத்துப் போட்டால் கல்யாணமா?

(பாலசமுத்திரத்தில் நடைபெற்ற சீர்திருத்தத் திருமணத்தில், நம் சங்கத்தின் அமைப்பாளரும் ரயில்வே எழுத்தருமான தோழர் ஆற்றிய வாழ்த்துரை)



மணமக்கள் மாலை மாற்றி முடிந்ததும் முன்வரிசையில் இருக்கிற ஆயா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஏன் தம்பி, ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. நேற்று சித்தூருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார்களாமே, அதுவா கல்யாணம்?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்வதே என் வாழ்த்துரை.

கல்யாணம் எதற்கு? நிலம் சிதறாமல் இருக்க, சாதி கலையாமல் இருக்க, வயலுக்கு ஓர் ஆள் கூட்ட என்று ஒரு காலத்தில் செய்தார்கள். பிழைக்க வந்த நம்மிடம் சிதறுவதற்கு நிலம் ஏது? மாம்பழக்கூழ் ஆலையில் அவரும், கல் குவாரியில் இவரும் உழைத்தால்தான் அடுப்பு எரியும். நமக்குக் கல்யாணம் என்பது இரண்டு உழைப்பாளிகள் செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தம். நோயிலும், வேலை இல்லாத நாளிலும், ஊர்விட்டு ஊர் போகும்போதும் ஒருவரை ஒருவர் கைவிடமாட்டோம் என்ற வாக்கு. இதில் எஜமானும் இல்லை, அடிமையும் இல்லை.

இது இன்று பிறந்த எண்ணம் அல்ல. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் ஊர்தோறும் நடந்தன. ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர்கள் நிலை என்ன, எண்ணிப் பாருங்கள்! அண்ணா முதல்வரானபின், 1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில் உறுதி சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். முன்பு நடந்தவையும் செல்லும்.

ஆனால் தோழர்களே, அது தமிழ்நாட்டுக்கு மட்டும் செய்த திருத்தம். நாம் இருப்பது ஆந்திரம். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பள்ளிப்பட்டு. அங்கே சட்டம் ஒப்புக்கொள்ளும் மாலை, எல்லைக்கு இந்தப் பக்கம் வெறும் பூமாலை ஆகிவிடலாம்.

திருத்தணி 1960 வரை நம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். மனைவி இருக்கும்போதே ஒருவர் 1984இல் அங்கே மண்டபத்தில் இன்னொரு பெண்ணை மணந்தார் என்று முதல் மனைவி வழக்குப் போட்டார். "ஏழடி நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே அல்ல" என்பது அவர் தரப்பு வாதம். கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்தது. உயர்நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2001இல் உச்சநீதிமன்றம் 7-ஏ பிரிவைக் காட்டி அதை உறுதி செய்தது. அதே வாதத்தை இங்கே ஒருவன் கிளப்பினால் 7-ஏ துணைக்கு வராது.

என் தவறையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் தோழர் ஒருவர் வேலையிடத்தில் இறந்தார். ஒன்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்திய தங்கச்சியை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு நஷ்டஈடு கேட்கப் போனேன். "நீதான் மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார்கள். கல்யாணப் படத்தைக் காட்டினோம், திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு பதினான்கு மாதம் அலைந்தாள். அந்தக் கல்யாண மேடையில் முக்கால் மணி நேரம் முழங்கியவன் நான். பதிவு செய்யுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் பார்சல் எழுதுகிறவன். ஒரு கூடை மாம்பழத்தையும் ரசீது இல்லாமல் வண்டியில் ஏற்றமாட்டோம். பெண் சரக்கு அல்ல. ஆனால் கூடைக்கு இருக்கிற பாதுகாப்புகூட அவளுக்கு இல்லை என்றால் அது நியாயமா?

வழி இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. சாதி, மதம் எதுவும் தடையில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவராவது முப்பது நாள் குடியிருந்த மாவட்டத்தில் திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுத்து, முப்பது நாள் பொறுத்து, மூன்று சாட்சிகளோடு உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே குடும்பம் நடத்துகிறவர்களும், இருவருக்கும் 21 நிறைந்திருந்தால், அதே சட்டத்தில் பதிந்துகொள்ளலாம். சடங்கு எதுவும் நடக்காமல் இந்து திருமணச் சட்டத்தில் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது கல்யாணம் ஆகாது என்று 2024இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எந்தச் சட்டத்தில் பதிகிறோம் என்று கேட்டுப் பதியுங்கள்.

இன்னொன்று. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் வட்டிக்கு வாங்காதீர்கள். வரதட்சணை 1961 முதல் குற்றம்; கேட்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்காதீர்கள்.

ஆயா, கையெழுத்து மட்டும் கல்யாணம் ஆகாது, உண்மைதான். கல்யாணம் இவர்கள் இருவர் மனத்தில் இருக்கிறது. மனம் மாறும் நாளில் பெண்ணையும் பிள்ளையையும் காக்கத்தான் கையெழுத்து. இந்த மணமக்கள் இரண்டையும் செய்திருக்கிறார்கள். தம்பி, சம்பளத்தை மறைக்காதே. தங்கச்சி, அந்தச் சான்றிதழை நீயே பத்திரமாக வைத்துக்கொள்.

மணமக்கள் வாழ்க!